14 அடி வத்தைக்கு மின்மோட்டார்: எத்தனை வாட், எந்த பேட்டரி?

தேவிபட்டினம்_வத்தை:

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவின் வத்தைக்கு, அதாவது சின்ன மீன்பிடிப் படகுக்கு, ஒரு மின்மோட்டார் வாங்கித் தரலாம் என்று நானும் தங்கையும் பேசி வைத்திருக்கிறோம். எதை வாங்குவது என்றுதான் தெரியவில்லை.

வத்தை 14 அடி, ஃபைபர். பின்பக்கம் தட்டையாக இருக்கும், மோட்டார் மாட்ட இடம் உண்டு. அப்பாவும் சித்தப்பாவும் மட்டும் போவார்கள். நண்டு வலைதான். சாயங்காலம் வலையைப் போட்டுவிட்டு வந்து, விடியும் முன் போய் எடுப்பார்கள். கரையிலிருந்து அதிகம் போனால் இரண்டரை கிலோமீட்டர். இதுவரை துடுப்பும் பாயும்தான். அப்பாவுக்கு 63 வயது. போன வருஷம் தோள்பட்டை வலி வந்ததிலிருந்து துடுப்புப் போடுவது சிரமமாக இருக்கிறது. பெட்ரோல் எஞ்சின் வைக்கலாம் என்றால் அந்த நெடி அவருக்கு ஆகாது, தலைவலி வந்துவிடும்.

இணையத்தில் பார்த்தால் ஒருவர் 55 பவுண்டு என்கிறார், இன்னொருவர் 86 பவுண்டு என்கிறார், மூன்றாவது விளம்பரத்தில் "3 ஹெச்பிக்குச் சமம்" என்று இருக்கிறது. எதை எதோடு ஒப்பிடுவது? வீட்டில் 150 ஏஎச் (ஆம்பியர்-மணி) இன்வர்ட்டர் பேட்டரி ஒன்று சும்மா இருக்கிறது. அதையே வைக்கலாமா?

சால்டரிங்:

தம்பி, பவுண்டு, ஹெச்பி இரண்டையும் கொஞ்ச நேரம் மறந்துவிடுங்கள். மோட்டாரில் ஒட்டியிருக்கும் தகட்டில் வோல்ட் எவ்வளவு, அதிகபட்ச ஆம்பியர் எவ்வளவு என்று பாருங்கள். இரண்டையும் பெருக்கினால் வாட். 12 வோல்ட், 50 ஆம்பியர் என்றால் 600 வாட். அது உள்ளே போகிற மின்சாரம். புரொப்பெல்லர் தண்ணீரைத் தள்ளும்போது அதில் ஏறக்குறைய பாதிதான் வேலையாக மிஞ்சும். ஒரு ஹெச்பி என்பது 746 வாட். அதனால் 600 வாட் மோட்டாரை யாராவது 2 ஹெச்பி என்று சொல்லி விற்றால் நம்ப வேண்டாம்.

பவுண்டு என்பது இழுவிசை. படகைக் கம்பத்தில் கட்டிப்போட்டு மோட்டாரை முழு வேகத்தில் ஓடவிட்டால் கயிறு எவ்வளவு இழுக்கப்படுகிறது என்ற அளவு. 55 பவுண்டு ஏறக்குறைய 25 கிலோ. படகு நகர ஆரம்பித்ததும் அந்த எண் குறைந்துகொண்டே வரும்.

அடுத்தது வேகம். உங்கள் வத்தை தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும் வகை, தண்ணீர்மேல் எழும்பி ஓடும் வகை இல்லை. இந்த வகைப் படகுக்கு நீளத்தைப் பொறுத்து ஒரு வேக வரம்பு உண்டு. தண்ணீரில் அமர்ந்திருக்கும் நீளம் 13 அடி என்றால் மணிக்கு ஏறக்குறைய 9 கிலோமீட்டர். அதற்கு மேல் எத்தனை வாட் கொடுத்தாலும் பின்னால் அலைதான் பெரிதாகும். வரம்புக்குக் கீழேயும் கணக்கு கடுமையானதுதான். வேகத்தை இரண்டு மடங்காக்க எட்டு மடங்கு வாட் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியே திருப்பிப் பார்த்தால் நமக்கு லாபம்: கொஞ்சம் மெதுவாகப் போனால் பேட்டரி வெகுதூரம் இழுக்கும். உங்கள் அப்பா மணிக்கு 4, 5 கிலோமீட்டரில் போகத் தயார் என்றால் 1,000 வாட்டுக்கு மேல் எதுவும் தேவைப்படாது.

மண்டபம்_எஞ்சின்கடை:

நான் இருபது வருஷமாக அவுட்போர்டு எஞ்சின் பழுது பார்க்கிறவன். கணக்கு சரியாக இருக்கும், கடலில் நடக்குமா என்பதுதான் கேள்வி. இரண்டு ஹெச்பி பெட்ரோல் எஞ்சின் ஒரு மணி நேரத்துக்கு ஒரு லிட்டரைச் சுற்றிக் குடிக்கும். தீர்ந்துவிட்டால் கேனில் இருந்து ஊற்றிக்கொள்ளலாம். பேட்டரி தீர்ந்தால் எதை ஊற்றுவீர்கள்? என் பேச்சு கசக்கலாம். வாரத்துக்கு ஒரு படகாவது கட்டி இழுத்துக்கொண்டு வருவதைப் பார்க்கிறேன், அதனால் சொல்கிறேன்.

பாம்பன் பக்கம் இருந்து யாராவது இதைப் படித்தால் இன்னொன்று. பாலத்துக்கு அடியில் உள்ள வாய்க்காலில் இந்த மாதிரிச் சின்ன மோட்டாரை நம்பி நுழைய வேண்டாம். கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்தில் நீவாடு, அதாவது நீரோட்டம், தெற்கிலிருந்து வடகடலுக்குப் பாயும், வாடை (வடகிழக்குக் காற்று) காலத்தில் அப்படியே மாறும். அது ஓடுகிற வேகத்துக்கு எதிரே 1,000 வாட் மோட்டார் நின்ற இடத்திலேயே நிற்கும்.

தொண்டிக்காரன்:

எஞ்சின்கடை அண்ணன் சொல்வதில் பாதி எனக்கு நடந்தது. அதை எழுதுகிறேன், தேவிபட்டினத்துத் தம்பிக்கு உதவும்.

நம் பக்கத்துக் கரை கிழக்கே பார்த்திருக்கிறது. வாடை அடிக்கும் மாதங்களில் கடல் புரண்டுகொண்டிருக்கும், பார்த்தாலே பயம் வரும், யாரும் அசட்டையாகப் போகமாட்டோம். அந்தக் காற்று கரையை நோக்கித்தான் அடிக்கிறது. மோட்டார் நின்றாலும் வத்தை எங்கேயாவது கரையில் வந்து சேரும். கச்சான் காலத்தில் எல்லாம் தலைகீழ். காற்று நிலத்தின் மேலிருந்து கடலுக்கு அடிக்கிறது. கரையோரம் தண்ணீர் தட்டில் ஊற்றிய மாதிரி இருக்கும். போகும்போது காற்று முதுகில் தள்ளும், மோட்டார் ஓடுவதே தெரியாது, "அடடா, பேட்டரி கரையவே இல்லையே" என்று தோன்றும். திரும்பும்போதுதான் தெரியும்.

போன ஆடியில் ஒன்றரை கிலோமீட்டர் வெளியே போய்த் திரும்பினேன். மணி ஒன்பதரை, காற்று பிடித்துவிட்டது. முழு வேகம் கொடுத்தேன். பாதி வழியில் மோட்டார் ஒரு சத்தமும் இல்லாமல் நின்றது. மெதுவாகக் குறைந்து நிற்கவில்லை, விளக்கை அணைத்த மாதிரி. என்னுடையது லித்தியம். வோல்ட் மீட்டர் அதுவரை நன்றாகத்தான் காட்டியது. வத்தை அப்படியே பின்னால் போக ஆரம்பித்தது. கரையில் இருந்த பனைமரங்கள் ஒவ்வொன்றாகச் சின்னதாகிக்கொண்டே போனது இன்னும் கண்ணில் நிற்கிறது.

நங்கூரம் போட்டேன். நம் கடல் ஆழம் இல்லாதது, மூன்று மீட்டரில் பிடித்துக்கொண்டது. அங்கேயே முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு ஒரு நாட்டுப்படகுக்காரர் கயிறு வீசினார். அன்று நங்கூரக் கயிற்றைக் கரையில் காயப் போட்டுவிட்டு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே மனசு வரவில்லை.

தேவிபட்டினம்_வத்தை:

அண்ணே, படித்ததும் வயிறு கலங்கிவிட்டது. அப்பாவிடம் படித்துக் காட்டினேன். "கச்சானில் போகிறது சுலபம், வருகிறதுதான் கூலி" என்று அவரும் சொன்னார். வோல்ட் மீட்டர் நன்றாகக் காட்டும்போதே ஏன் நின்றது?

சால்டரிங்:

அதற்குக் காரணம் உண்டு. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியில் வோல்ட் கிட்டத்தட்டச் சமமாகவே இருந்து கடைசியில் சட்டென்று விழும். முக்கால்வாசி இருக்கும்போதும் கால்வாசி இருக்கும்போதும் மீட்டரில் பெரிய வித்தியாசம் தெரியாது. உள்ளே பிஎம்எஸ் என்று ஒரு காவல் பலகை இருக்கிறது. ஏதாவது ஒரு செல் அளவுக்குக் கீழே போனால் பேட்டரியைக் காப்பாற்ற அது மொத்தமாகத் துண்டித்துவிடும். அதற்குக் கடலும் தெரியாது, கரையும் தெரியாது.

இதற்கு ஷண்ட் வைத்த ஏஎச் மீட்டர் வாங்கிப் போடுங்கள். உள்ளே போனது எவ்வளவு, வெளியே போனது எவ்வளவு என்று ஒவ்வொரு ஆம்பியரையும் எண்ணிக்கொண்டே இருக்கும். பெட்ரோல் டேங்கில் குச்சி விட்டுப் பார்ப்பது போல. வோல்ட் மீட்டரை நம்பி லித்தியத்தைக் கடலுக்குக் கொண்டு போகக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அப்புறம் பிஎம்எஸ் தொடர்ந்து தாங்கும் ஆம்பியர், மோட்டாரின் அதிகபட்ச ஆம்பியரைவிடக் கணிசமாகக் கூட இருக்க வேண்டும். சிலவற்றில் 100 ஏஎச் என்று எழுதியிருக்கும், ஆனால் பிஎம்எஸ் 50 ஆம்பியருக்கு மேல் விடாது.

இன்வர்ட்டர் பேட்டரி பற்றிக் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். அந்த 150 ஏஎச் டியூபுலர் பேட்டரி 50 கிலோவுக்கு மேல் இருக்கும், வத்தை ஆடும்போது ஆசிட் சிந்தும். அதோடு 150 ஏஎச் என்பது இருபது மணி நேரம் மெதுவாக எடுத்தால் கிடைக்கிற அளவு. 50 ஆம்பியரில் உறிஞ்சினால் அவ்வளவு கிடைக்காது. கிடைப்பதிலும் பாதிக்கு மேல் எடுத்தால் பேட்டரியின் ஆயுள் போய்விடும். 12.8 வோல்ட், 100 ஏஎச் லித்தியம் என்றால் 1,280 வாட்-மணி, எடை பத்துப் பன்னிரண்டு கிலோ. அதில் எண்பது சதவீதம் தைரியமாக எடுக்கலாம்.

மண்டபம்_எஞ்சின்கடை:

சரி, ஏஎச் மீட்டர் விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன். பெட்ரோல் டேங்கைக் குலுக்கிப் பார்க்கிற மாதிரி ஒன்று இதில் இல்லையே என்பதுதான் என் குறையாக இருந்தது.

பாசிக்காரி:

நான் தோணித்துறைப் பக்கம். கடல்பாசி வளர்க்கிறோம். மூங்கில் தெப்பங்கள் கரையிலிருந்து முந்நூறு, நானூறு மீட்டரில் கிடக்கும். எங்கள் குழுவில் ஐந்து பெண்கள், ஒரு சின்ன ஃபைபர் வத்தை, அதில் 12 வோல்ட் மோட்டார். எங்களுக்கு வேகம் வேண்டாம். பாசி ஏறிய தெப்பத்தை மெதுவாக இழுத்து வரவேண்டும். அதற்கு மின்மோட்டார் நன்றாக இருக்கிறது. கைப்பிடியைக் கொஞ்சம் திருப்பினாலே இழுக்கும், பெட்ரோல் எஞ்சின் மாதிரி உதறாது. முன்னே ஆண்களைக் கெஞ்சிக்கொண்டு நிற்போம், கயிற்றை இழுத்து எஞ்சினைக் கிளப்பிக் கொடுங்கள் என்று. இப்போது அந்தப் பேச்சே இல்லை. எனக்கு அதுதான் பெரிது.

தொல்லை என்றால் தாழை, கடலுக்கு அடியில் வளர்கிற புல். கடல்தாழை சுற்றிக்கொண்டால் மோட்டார் அதிக ஆம்பியர் இழுத்து சூடாகும். சத்தம் மாறுவதைக் காது கவனிக்க வேண்டும். மாறிய உடனே நிறுத்தி, பின்பக்கமாக ஒரு சுற்று ஓட்டினால் பெரும்பாலும் கழன்றுவிடும். இல்லாவிட்டால் தூக்கிக் கையால் எடுக்க வேண்டியதுதான். கையை விடுவதற்கு முன் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிடுங்கள். ஒருத்தி கைப்பிடியில் இடித்துக்கொண்டால் போதும், விரல் போய்விடும்.

தாழை அடர்ந்த இடத்தில் மோட்டாரை உயர்த்திவிட்டுக் கோலால் தள்ளிப் போங்கள் என்று எல்லோரிடமும் சொல்வேன். அதுதான் ஆவுளியா என்கிற கடற்பசுவுக்குச் சோறு, நண்டுக்கும் இறாலுக்கும் தொட்டில். 2022-இல் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலோரத்தில் 448 சதுர கிலோமீட்டரை ஆவுளியாவுக்கென்று பாதுகாப்பகமாக அறிவித்தார்கள். ஆனால் ஆவுளியா மாவட்ட எல்லை பார்த்து மேயாது.

கீழக்கரை_காக்கா:

தம்பி, நான் தென்கடல்காரன். தொண்டிக்காரர் சொன்ன காற்றுக் கணக்கு எங்களுக்கு நேர்மாறு. எங்கள் கரை தெற்கே பார்த்தது. கச்சானில் அலை கரையில் வந்து மோதும், வாடையில்தான் நிலத்திலிருந்து வெளியே தள்ளும். படிக்கிறவர்கள் அவரவர் கரை எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பார்த்துவிட்டுக் கணக்குப் போடுங்கள்.

நான் சொல்ல வந்தது உப்பைப் பற்றி. முதலில் நான் வாங்கியது ஏரியில் தூண்டில் போடுகிறவர்களுக்குச் செய்த மோட்டார். விற்ற கடைக்காரர் கடலுக்கும் ஆகும் என்று சத்தியம் செய்தார். நாலே மாதம். அலுமினியத் தாங்கியும் இரும்புத் திருகும் ஒன்றோடு ஒன்று இறுகிப்போய், கழற்றும்போது திருகு முறிந்தது. அதைவிட மோசம், புரொப்பெல்லருக்குப் பின்னால் தங்கூசி (நைலான்) நரம்பு சுற்றியிருந்தது எனக்குத் தெரியவே இல்லை. வெளியே இருந்து பார்த்தால் கண்ணில் படாது. அது ரப்பர் சீலை அறுத்து, கடல் தண்ணீர் மோட்டாருக்குள் போய்விட்டது. திறந்து பார்த்தபோது உள்ளே துருச்சேறு.

இப்போது ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் புரொப்பெல்லரைக் கழற்றிப் பார்க்கிறேன். ஐந்து நிமிஷ வேலை. தங்கூசி வலை வைத்துத் தொழில் செய்கிற எல்லோரும் இதைச் செய்தாக வேண்டும். துத்தநாகத் துண்டு கரைந்துவிட்டதா என்று அப்போதே பார்த்துவிடலாம். உப்பு முதலில் அதைத்தான் தின்னும், அது இருக்கிறவரை மோட்டார் பிழைக்கும். கடலிலிருந்து வந்ததும் ஒரு வாளி நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். நம் ஊரில் காவிரித் தண்ணீர் வராத நாளில் அந்த ஒரு வாளிக்கு வீட்டில் கணக்குக் கேட்பார்கள். இருந்தாலும் விடாதீர்கள்.

வாங்கும்போது கடலுக்கென்றே செய்ததைக் கேட்டு வாங்குங்கள். மின் கோட்டா (Minn Kota) என்ற நிறுவனத்தின் மோட்டார்களில் ரிப்டைட் என்ற வரிசை கடலுக்கானது. சாதாரண வரிசை ஏரிக்கு.

தேவிபட்டினம்_வத்தை:

காக்கா, ரொம்ப நன்றி. டார்கீடோ, ஈ-புரொபல்ஷன் மாதிரி பேட்டரியும் சேர்ந்தே வருகிற மோட்டார்கள் எப்படி? பார்க்க நன்றாக இருக்கிறது.

சால்டரிங்:

நல்ல பொருள்கள்தான், குறை சொல்ல மாட்டேன். டார்கீடோ டிராவல் 1103-இல் மோட்டார் 1,100 வாட், பேட்டரி 915 வாட்-மணி. ஈ-புரொபல்ஷன் ஸ்பிரிட் 1.0 பிளஸ்ஸில் 1,000 வாட்டுக்கு 1,276 வாட்-மணி, பேட்டரி தண்ணீரில் விழுந்தாலும் மிதக்கும். வகுத்துப் பாருங்கள்: முழு வேகத்தில் முதலாவது 50 நிமிஷம், இரண்டாவது ஒன்றேகால் மணி. பெரிய புரொப்பெல்லர் மெதுவாகச் சுற்றுவதால் அதே வாட்டுக்குத் தூண்டில் மோட்டாரைவிட நன்றாகவே தள்ளும். எத்தனை கிலோமீட்டர் போகலாம் என்று கருவியே காட்டும்.

ஆனால் ராமநாதபுரத்தில் அதன் சர்க்யூட் போர்டு கெட்டால் யார் பார்ப்பது? பேட்டரியும் பெரும்பாலும் அந்த நிறுவனத்துடையதையே வாங்க வேண்டியிருக்கும். தொழிலுக்கு நாலு நாள் போகாவிட்டால் வீட்டில் அடுப்பு எரியாது என்கிறவருக்கு, பேட்டரி தனி, மோட்டார் தனி, கம்பி தனி என்று இருப்பதே நல்லது என்று நினைக்கிறேன். எது கெட்டாலும் அதை மட்டும் மாற்றலாம்.

உங்கள் அப்பாவுக்கு நான் போட்ட கணக்கு இது. போக அரை மணி, 400 வாட்: 200. வலை எடுக்கும்போது முன்னே பின்னே நகர: 100. கச்சானில் திரும்ப முக்கால் மணி, 700 வாட்: ஏறக்குறைய 500. மொத்தம் 800 வாட்-மணி. இதற்கு மேல் பாதி கையிருப்பாக இருக்க வேண்டும், அதைத் தொடவே கூடாது. ஆக ஒரு நடைக்கு 1,200. நாளுக்கு இரண்டு நடை. நடுவில் சார்ஜ் ஏற நேரம் இருந்தாலும், மின்தடை உள்ள ஊர் என்பதால் 25.6 வோல்ட், 100 ஏஎச் எடுத்துவிடுங்கள். 2,560 வாட்-மணி, எடை இருபது கிலோவுக்குக் கொஞ்சம் மேலே.

24 வோல்ட்டுக்கு ஏன் போகச் சொல்கிறேன் என்றால், அதே வாட்டுக்கு ஆம்பியர் பாதியாகிவிடும். 12 வோல்ட்டில் 50 ஆம்பியரை 4 சதுர மில்லி கம்பியில் மூன்று மீட்டர் தூரம் கொண்டு போனால், போக வர ஆறு மீட்டரில் 1.3 வோல்ட் கம்பியிலேயே சூடாகிப் போகும். 16 சதுர மில்லி போட்டால் 0.3 வோல்ட்தான். பேட்டரி முனையிலிருந்து ஒரு சாணுக்குள் ஃபியூஸ் வையுங்கள். இதில் மட்டும் யாரும் காசு பார்க்காதீர்கள்.

தொண்டிக்காரன்:

சோலார் தகடு ஒன்றை வத்தையில் வைத்தால் கடலிலேயே ஏறுமா? கமுதியில் 648 மெகாவாட் எடுக்கிற வெயில் நம்முடையது.

சால்டரிங்:

100 வாட் தகடு நல்ல வெயிலில் ஒரு நாளைக்கு 400 வாட்-மணி கொடுக்கும். ஆனால் வத்தையில் அது பாய் மாதிரி காற்றை வாங்கும், நீங்கள் தப்பிக்க நினைக்கும் அதே கச்சானை. வீட்டுக் கூரையில் வையுங்கள். கரன்ட்டிலேயே ஏற்றினாலும் ஒரு முழு சார்ஜுக்கு மூன்று யூனிட் சுற்றித்தான்.

மண்டபம்_எஞ்சின்கடை:

தம்பி, வாங்கிய பிறகு மாட்டுவதற்கு வேண்டுமானால் கடைக்குக் கொண்டு வாருங்கள். பின்பலகைக்கு உள்பக்கம் ஒரு மரத்துண்டு வைத்து ஃபைபர் ஒட்டாமல் மோட்டாரைத் தொங்கவிட்டால் ஆறு மாதத்தில் விரிசல் விடும். தண்டின் நீளத்தையும் அளந்து வாங்குங்கள். புரொப்பெல்லர் முழுக்க முங்கியிருக்க வேண்டும், ஆனால் நம் கரையில் வற்றம் வந்தால் முழங்கால் தண்ணீரில் வெகுதூரம் வர வேண்டியிருக்கும். சட்டென்று தூக்கி நிறுத்துகிற வசதி இருக்கிறதா என்று கையால் தூக்கிப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். துடுப்பையும் பாயையும் வத்தையிலிருந்து இறக்கவே கூடாது.

தேவிபட்டினம்_வத்தை:

இரண்டு மாதம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். 24 வோல்ட், 80 பவுண்டு, கடலுக்கான மோட்டார். பேட்டரி 25.6 வோல்ட், 100 ஏஎச். ஷண்ட் மீட்டரும் போட்டாயிற்று. பின்பலகையை மண்டபத்து அண்ணன் கடையில் பலப்படுத்தினோம், கூலி வாங்க மறுத்துவிட்டார். அண்ணே, நண்டு கொடுத்தனுப்பினேன், வந்து சேர்ந்ததா?

ஆடி முழுக்க ஓடியது. போகும்போது 9, 10 ஆம்பியர், மணிக்கு நாலரை கிலோமீட்டர். திரும்பும்போது காற்றுக்கு எதிரே 24 ஆம்பியர், மணிக்கு 4 கிலோமீட்டர். ஒரு நடைக்கு மொத்தம் 24 ஏஎச் வரை போகிறது. சால்டரிங் சார் போட்ட கணக்கைவிடக் குறைவு. அப்பா எப்போதும் மெதுவாகத்தான் திருப்புவார், அதனால் இருக்கும்.

அப்பா மீட்டருக்கு ஒரு விதி வைத்திருக்கிறார். மீதி 70 ஏஎச் என்று காட்டினால், வலை பாதி கிடந்தாலும் சரி, அணியத்தைக் கரைப்பக்கம் திருப்பிவிடுவார். சித்தப்பா இரண்டு தடவை சண்டை போட்டார். அப்பா அசையவில்லை.

தோள்பட்டைக்குத் தைலம் தேய்க்கும் வேலை இப்போது தங்கைக்கு இல்லை. சத்தம் இல்லாததால் விடியற்காலையில் வலைக்குப் பக்கத்தில் மீன் துள்ளுவது கேட்கிறதாம். அதைத்தான் வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஒரு சந்தேகம். நேற்று புரொப்பெல்லரைக் கழற்றியபோது, காக்கா சொன்ன மாதிரியே உள்ளே தங்கூசி இரண்டு சுற்று இருந்தது. சீல் அறுபடவில்லை, ஆனால் ஓரத்தில் லேசாகக் கோடு விழுந்திருக்கிறது. மாற்றிவிடலாமா, பொறுக்கலாமா?

கீழக்கரை_காக்கா:

மாற்றிவிடுங்கள் தம்பி, இன்றைக்கே. கோடு விழுந்த சீல் அடுத்த தங்கூசி வரைக்கும்தான் தாங்கும். அளவு என்ன என்று சீலின் விளிம்பில் அச்சடித்திருக்கும், மூன்று எண்கள். பேரிங் விற்கிற கடையில் அதைச் சொன்னால் போதும். இரண்டாக வாங்கி, ஒன்றை வீட்டில் வையுங்கள்.

மண்டபம்_எஞ்சின்கடை:

நண்டு வந்தது. சீலை எடுத்துக்கொண்டு வியாழக்கிழமை வாருங்கள், போட்டுத் தருகிறேன்.